ஒசாகாவில் ஏழு நாள்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது

கேள்வியின் சுருக்கம் இது: நவம்பர் மூன்றாவது வாரம் கணவன், மனைவி, அறுபத்தெட்டு வயது அம்மா என மூன்று பேர் ஒசாகாவில் வந்து இறங்குகிறீர்கள். கையில் ஏழு நாள். அம்மா சுத்த சைவம். முழங்கால் வலியும் உண்டு. நீங்கள் இருவரும் எல்லாம் சாப்பிடுவீர்கள். பயண ஏற்பாட்டாளர் போட்டுத் தந்த அட்டவணையில் ஒசாகாவுக்கு ஒன்றரை நாள்தான். மீதி நாளெல்லாம் கியோட்டோ, ஹிரோஷிமா, டோக்கியோ என்று ஓடுகிறது. ஒசாகாவிலேயே ஒரு வாரம் இருந்தால் பொழுது போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினால் இரண்டே நாளில் தீர்ந்துவிடும், ஏற்பாட்டாளர் சொன்னது சரிதான் என்றுகூடத் தோன்றும். இந்த ஊரில் முதலில் சாப்பாட்டைத் தீர்மானித்துவிட்டு, அந்தச் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்தில் என்ன பார்க்கலாம் என்று யோசிக்க வேண்டும். இங்கே பழகியவர்கள் வெளியூர் நண்பர்களை அப்படித்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். உங்கள் அட்டவணையை அந்த முறையில் மாற்றி எழுதித் தருகிறேன்.

கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் கியோட்டோவை விட்டுவிடுங்கள். நவம்பர் பிற்பாதியில் அங்கே மேப்பிள் இலைகள் சிவக்கும். ஜப்பான் முழுவதும் அதைப் பார்க்கத் திரண்டு வரும். பேருந்தில் நிற்கவும் இடமிருக்காது. முழங்கால் வலியோடு ஒருவரை அந்தக் கூட்டத்தில் ஏற்றி இறக்குவது அவருக்கும் சந்தோஷமில்லை, உங்களுக்கும் இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் ஒரு நாள் மட்டும் விடியற்காலையில் கெய்ஹன் ரயிலில் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போங்கள். அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் கதவு திறந்திருக்கும். எட்டரை மணிக்குத் திரும்பி ரயிலேறிவிடுங்கள்.

தங்குவதற்கு நம்பா. ஒசாகாவுக்கு வடக்கே உமேதா, தெற்கே நம்பா என்று இரண்டு மையங்கள். உமேதா பெரியது, பகட்டானது; அதன் சுரங்கப் பாதைகளில் உள்ளூர்க்காரர்களே வழி தவறுவார்கள். நம்பாவில் விமான நிலையத்துக்குப் போகும் நான்காய் ரயில், நாராவுக்குப் போகும் கின்டெட்சு ரயில், ஊரை வடக்கு தெற்காக ஊடுருவிப் போகும் மிதோசுஜி சுரங்க ரயில் மூன்றும் சந்திக்கின்றன. ஏழு நாளும் ஒரே அறை, பெட்டியை ஒரே முறை திறந்தால் போதும். தோதொன்போரி கால்வாயை ஒட்டி மட்டும் அறை எடுக்காதீர்கள். இரவு இரண்டு மணிவரை சத்தம் ஓயாது. நான்காய் நிலையத்துக்குத் தெற்கிலோ நிப்போன்பாஷி பக்கமோ பார்த்தால் பத்து நிமிட நடையில் எல்லாம் கிடைக்கும், தூக்கமும் வரும்.

கான்சாய் விமான நிலையத்திலிருந்து நம்பாவுக்கு நான்காயின் சாதாரண விமான நிலைய விரைவு ரயில் முக்கால் மணி நேரம், 970 யென். நீல நிறத்தில் ராபிட்டோ என்று ஒன்று ஓடும். சில நிமிடம் முன்னால் போகும், கட்டணம் கூடுதல். ஆனால் அதில் இருக்கை உங்கள் பெயரில் இருக்கும், அம்மாவுக்காக அதையே எடுங்கள். நிலையத்திலேயே இக்கோகா அட்டை ஆளுக்கொன்று வாங்கிவிட்டால் ரயில், டிராம், பேருந்து, மளிகைக் கடை எல்லாவற்றுக்கும் அதையே தட்டிக்கொள்ளலாம். ஜப்பான் முழுவதும் ரயிலில் சுற்றுவதற்கான ஜேஆர் பாஸ் இந்தப் பயணத்துக்குத் தேவையே இல்லை. இன்னொன்று, எஸ்கலேட்டரில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். ஒசாகாவில் வலது பக்கம்.

இனி அம்மாவின் சாப்பாடு. இதைத் தீர்க்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

ஒசாகாவில் சைவத்துக்குத் தடையாக நிற்பது இறைச்சி இல்லை. அதைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். தாஷி என்கிற சாறுதான் சிக்கல். கொம்பு என்ற கடற்பாசியையும், கட்சுவோ மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்துச் சீவிய துருவலையும் நீரில் இறக்கி எடுப்பது அது. உதொன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பு, ஒகொனொமியாகி என்கிற முட்டைக்கோஸ் அடையின் மாவு, கத்தரிக்காய்க் கூட்டு, முட்டை ஆம்லெட், சில கடைகளில் ஊறுகாய் வரைக்கும் அது போகும். "நான் சைவம்" என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொண்டுவந்து வைப்பார்கள். ஏமாற்றுவதாக அவர்கள் நினைக்கவே மாட்டார்கள். ஆகவே "இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் சாப்பிடமாட்டேன்" என்று ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட ஒரு சீட்டு கையில் இருக்கட்டும். வாயால் சொல்வதானால் "நிகு மோ சகானா மோ கட்சுவோ தாஷி மோ தாபெமாசென்".

அதே நேரம், ஒசாகாவின் சமையலுக்கு அடித்தளம் கொம்புதான். எடோ ஆட்சிக் காலத்தில் (1603–1868) வடக்கே ஹொக்கைடோவிலிருந்து கிதமாயெபுனே என்ற சரக்குக் கப்பல்கள் மேற்குக் கடலோரமாகச் சுற்றிவந்து கொம்பை இங்கே இறக்கின. ஊர் மென்னீர் ஊர், கொம்பின் சாறு நன்றாக இறங்கும். டோக்கியோவில் உதொன் குழம்பு சோயாவின் கறுப்பில் இருக்கும். இங்கே கிண்ணத்தின் அடி தெரியும். ஆக கொம்பு மட்டும் போட்ட சாறு ஒசாகாவுக்குப் புதிதல்ல, கவுண்ட்டர் வைத்த சின்ன உணவகங்களில் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் சிலர் மகிழ்ச்சியோடு செய்து தருவார்கள். விடுதி வரவேற்பாளரைக் கொண்டு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். இப்படி ஒரு மதியச் சாப்பாட்டை முன்பதிவு செய்துவிட்டால் அம்மாவுக்கு இந்தப் பயணத்தின் நல்ல சாப்பாடு அதுவாக இருக்கும். மதியத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரவில் பத்தாயிரம் யென் கேட்கும் கவுண்ட்டர் மதியத்தில் அதில் பாதிக்கும் குறைவாகவே கேட்கும்.

மற்ற வேளைகளுக்கு வழி: அறையில் ஒரு மின்கெட்டில் இருக்கும், கூடவே உங்கள் பருப்புப்பொடி. கன்வீனியன்ஸ் கடையில் உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை கிடைக்கும். கொம்பு வைத்த உருண்டையை நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் கட்சுவோ சாறு உண்டு. பழமும் தயிரும் எங்கும் உண்டு. மூலைக்கு மூலை இந்திய, நேபாளக் கடைகள் இருக்கின்றன. ஒரு வேளைக்கு நான் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஊருக்குள் வீகன் கடைகளும் சில உண்டு. ஆனால் அவை அடிக்கடி இடம் மாறும், மூடும். வருவதற்கு முந்தைய வாரம் வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை இறங்கினால் அறை மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு, தூரமாகப் போகாமல் நம்பாவிலேயே நடங்கள். மதியம் உங்கள் இருவருக்கும் உதொன். இனிப்பாக வேகவைத்த அகலமான டோஃபு வறுவல் மிதக்கும் கிட்சுனே உதொன் இந்த ஊர்ச் சரக்கு. மினாமி-செம்பாவில் 1893 முதல் இருக்கும் உசாமிதெய் மட்சுபாயா அதன் பிறப்பிடமாகச் சொல்லப்படும் கடை.

சாயங்காலம் தோதொன்போரி. 1615இல் வெட்டி முடித்த கால்வாய்; கரையில் கை தூக்கி ஓடும் மனிதனைக் காட்டும் கிளிகோ மிட்டாய் நிறுவனத்தின் விளக்குப் பலகை 1935 முதல் தலைமுறை தலைமுறையாக மாறி இப்போது ஆறாவதாக நிற்கிறது. பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், பதினைந்து நிமிடம் போதும். கால்வாய் ஓரக் கடைகளில் சாப்பிட வேண்டாம். இரண்டு தெரு தள்ளி ஹொசென்ஜி சந்துக்குள் நுழையுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் நீர் ஊற்றி ஊற்றி உடம்பு முழுக்கப் பாசி பிடித்துப்போன ஃபுதோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை அங்கே இருக்கிறது. உருவமே தெரியாது, பச்சைதான் தெரியும். அபிஷேகம் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு அங்கே என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே மெயோத்தோ ஜென்சாய். சிவப்புப் பயறை வெல்லப்பாகு பதத்தில் காய்ச்சி அரிசிக் களி உருண்டை போட்டு, ஒரு ஆளுக்கே இரண்டு கிண்ணமாகக் கொடுப்பார்கள். சர்க்கரை, பயறு, அரிசி அவ்வளவுதான். தொட்டுக்கொள்ள உப்புக் கொம்பு மட்டும் இரண்டு துண்டு, அதை அம்மா தொட வேண்டாம்.

இரண்டாம் நாள் கோட்டை. ஒசாகா கோட்டையைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இராது. தோயோதோமி ஹிதெயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615 போரில் அழிந்தது. வென்ற தோகுகாவா குடும்பத்தார் அதன்மேல் மண்ணைக் கொட்டிப் புதைத்துவிட்டுத் தங்கள் கோட்டையை எழுப்பினார்கள். அந்தக் கோபுரமும் 1665இல் இடி விழுந்து எரிந்தது. இன்று நிற்பது 1931இல் ஊர் மக்கள் காசு திரட்டிக் கட்டிய கான்கிரீட் கோபுரம். உள்ளே அருங்காட்சியகம், ஐந்தாம் தளம் வரை லிஃப்ட். ஆகவே கோபுரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், சுவருக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். அசல் பழைமை அகழியும் கல்சுவரும்தான். சகுரா வாசலில் தகோ-இஷி என்ற ஒற்றைக் கல்லின் முகப்பு மட்டும் ஏறக்குறைய 60 சதுர மீட்டர். நூறு டன்னுக்கு மேற்பட்ட அந்தக் கல்லைக் கடல் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் உச்சிக்கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று சண்டை போடும் நம் ஆட்கள் இதன் முன்னாலும் நின்று நன்றாகச் சண்டை போடலாம். நிலையத்திலிருந்து கோபுரம் வரை நடை அதிகம். பூங்காவுக்குள் ஓடும் சிறு வண்டியில் அம்மாவை ஏற்றிவிடுங்கள்.

மதியத்துக்குப் பிறகு நகானோஷிமா. இரண்டு ஆற்றுக் கிளைகளுக்கு நடுவே நீளமான தீவு. எடோ காலத்தில் நாடெங்கிலுமுள்ள பிரபுக்களின் நெல் கிடங்குகள் இங்கே வரிசையாக இருந்தன. எதிர்க்கரை தோஜிமாவில் 1730இல் அரசு அனுமதித்த அரிசிச் சந்தையில், இன்னும் விளையாத நெல்லுக்கு விலை பேசினார்கள்; உலகின் முதல் முன்பேர வர்த்தகச் சந்தை என்று பொருளாதார வரலாற்றில் சொல்வது இதைத்தான். தீவில் சிவப்புச் செங்கல்லில் நிற்கும் பொது மண்டபத்தின் கதை சோகமானது. இவாமோதோ எய்னோசுகே என்ற பங்குத் தரகர் 1911இல் பத்து லட்சம் யென் கொடுத்தார். அடுத்து சந்தையில் பெரும் நஷ்டம் வந்தபோது, கொடுத்ததில் கொஞ்சம் திருப்பிக் கேளுங்கள் என்று நண்பர்கள் சொல்லியும் கேட்காமல் 1916இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். மண்டபம் 1918இல் திறந்தது. அதன் எதிரே கீழைநாட்டு மண்கலை அருங்காட்சியகம். கொரிய, சீனப் பீங்கான்கள். பாத்திரங்களில் துளிகூட ஆர்வமில்லாதவர்களையும் அது பிடித்து நிறுத்தும். நாற்காலிகளும் நிறைய. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் இந்த நாளைத் திங்களில் வைக்காதீர்கள்.

இரவுக்கு உமேதா பல்பொருள் அங்காடிகளின் அடித்தள உணவுத் தளம். ஹன்ஷின் கடையின் கீழே கணவாய்த் துண்டு போட்டு இரும்புத் தகடுகளுக்கிடையே அழுத்திச் சுடும் இக்காயாகிக்கு எப்போதும் வரிசை உண்டு. மூடும் நேரம் நெருங்கும்போது பொட்டலங்களில் தள்ளுபடிச் சீட்டு ஒட்ட ஆரம்பிப்பார்கள். ஒசாகாக்காரர்கள் அதற்காகவே சுற்றிக்கொண்டிருப்பார்கள், நீங்களும் சுற்றலாம், வெட்கமில்லை.

மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடித்தது, தெற்குப் பக்கம். உங்கள் வாரத்தில் 21 அல்லது 22ஆம் தேதி வருவதால் இதை அந்தத் தேதியில் வையுங்கள். மாதாமாதம் அந்த இரண்டு நாளும் ஷித்தென்னோஜி கோயில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை கூடும். பழைய கிமோனோ, பீங்கான், இரும்புக் கெட்டில், யாரோ ஒருவர் வீட்டுப் பொம்மைகள். கோயில் 593இல் இளவரசர் ஷோதோக்கு நிறுவியது. கட்டடங்கள் பலமுறை எரிந்து இன்று கான்கிரீட்டில் நிற்கின்றன. ஆனால் வாயில், கோபுரம், பொன்மண்டபம், உரைமண்டபம் நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் அமைப்பு அன்றையது. இதைக் கட்ட கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து 578இல் வந்த தச்சர் குடும்பம்தான் கொங்கோ குமி. 2006இல் வேறொரு நிறுவனத்தின் கீழ் போகும்வரை தனித்து நடந்த அது, உலகின் மிகப் பழைய நிறுவனம் எனப்படுவது.

அங்கிருந்து தென்னோஜிக்கு வந்து ஹன்காய் டிராமில் ஏறுங்கள். ஒசாகாவில் எஞ்சியிருக்கும் டிராம் இது ஒன்றுதான். வீட்டுக் கொல்லைகளையும் துணி காயும் மாடிகளையும் உரசிக்கொண்டு மெதுவாகப் போகும். அம்மா சன்னலோரம் உட்காரட்டும். சுமியோஷி-தொரீமாயே நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே சுமியோஷி கோயில். சீனத் தாக்கம் வருவதற்கு முந்தைய ஜப்பானியக் கட்டடப் பாணி இங்கே மிச்சமிருக்கிறது: வளைவே இல்லாத நேர்கூரை, கடலைப் பார்த்த நான்கு சன்னதிகள். இப்போதுள்ளவை 1810இல் கட்டியவை. முன்னாலுள்ள சிவப்பு வளைவுப் பாலம் ஏணி போல நிமிர்ந்து நிற்கும். முழங்கால் வலிக்காரர்கள் பக்கத்துச் சமப் பாலத்தில் போகலாம், சாமி கோபிக்காது.

திரும்பும்போது ஷின்செகாய். 1912இல் பாரிஸையும் நியூயார்க்கையும் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிய கேளிக்கைப் பேட்டை. முதல் த்சூதென்காகு கோபுரத்தைப் போர்க்காலத்தில் இரும்புக்காகப் பிரித்தார்கள். இப்போதுள்ளது 1956இல் எழுந்தது. மேலே ஏறத் தேவையில்லை, கீழிருந்து பார்க்கத்தான் அழகு. இங்கே குஷிகட்சு: குச்சியில் குத்திய எதையும் மெல்லிய ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, கறுப்புச் சாஸில் ஒரே ஒரு முறை முக்கிச் சாப்பிடுவது. கடித்ததைத் திரும்ப முக்கக் கூடாது. அந்தப் பாத்திரம் எல்லாருக்கும் பொது. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் சாஸ் குப்பிக்கு மாறிவிட்டது. தாமரைக்கிழங்கு, வெங்காயம், இஞ்சி எல்லாம் குச்சியில் வரும். பார்த்தால் சைவம்தான், ஆனால் எண்ணெய் ஒன்றே, பல கடைகளில் அது மாட்டுக் கொழுப்பும்கூட. அம்மாவுக்கு வேண்டாம். அவரை அன்று முன்னதாகவே சாப்பிடவைத்து அறைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இருவரும் போவது நல்லது.

நான்காம் நாள் நாரா. நம்பாவிலிருந்து கின்டெட்சு விரைவு வண்டி நாற்பது நிமிடம், 680 யென். கியோட்டோவை வெட்டியதற்கு நான் ஈடாகத் தருவது இதை. தோதைஜியில் பதினைந்து மீட்டர் உயர வெண்கலப் புத்தர் இருக்கிறார். 752இல் அவருக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பானுக்கு வந்த அவர் தலைநகருக்குப் போகும் வழியில் வந்து சேர்ந்த துறைமுகம் நானிவா, அதாவது இன்றைய ஒசாகா. கண் எழுதிய தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டிக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எல்லாருடைய கையும் அந்தக் கோட்டில் சேர வேண்டும் என்பதற்காக. இதை அம்மாவுக்கு மண்டபத்துக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மான்கள் நிலையத்திலிருந்தே வரவேற்கும். கையில் காகிதம் எதையும் ஆட்டாதீர்கள், தின்றுவிடும்.

திரும்பும் வழியில் நீங்கள் இருவர் மட்டும் த்சுருஹாஷியில் இறங்கலாம். கதவு திறந்ததும் நடைமேடையிலேயே இறைச்சி சுடும் புகை மூக்கில் ஏறும். 1920களில் ஜேஜு தீவுக்கும் ஒசாகாவுக்கும் நேர்க் கப்பல் ஓடியது. வேலை தேடி வந்த கொரியர்கள் தங்கிய பகுதி இது. குடலும் ஈரலும் நாக்கும் அடுப்பில் நாமே சுட்டுச் சாப்பிடும் கடைகள் நிலையத்தடியிலேயே சந்து சந்தாக இருக்கின்றன.

ஐந்தாம் நாளுக்கு ஒரே ஒரு வேலை, புன்ராகு. நிப்போன்பாஷியில் 1984இல் திறந்த தேசியப் பொம்மலாட்ட அரங்கு ஆண்டு முழுவதும் ஆடாது. நவம்பர் அதன் முக்கியமான ஆட்டக் காலங்களில் ஒன்று. உங்கள் தேதிகளை அரங்கின் தளத்தில் பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள், வாரத்தின் மற்ற நாட்களை இதைச் சுற்றி நகர்த்துங்கள். இந்தக் கலையின் பாடும் முறை 1684இல் தகெமோதோ கிதாயு தோதொன்போரியில் கொட்டகை போட்டதிலிருந்து வருவது. ஒரு பொம்மைக்கு மூன்று ஆட்கள்: ஒருவர் தலையும் வலக்கையும், ஒருவர் இடக்கை, ஒருவர் கால். மூவரும் கண்ணெதிரேயே நிற்பார்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். ஓரத்தில் அமர்ந்த பாடகர் ஒருவரே கிழவி, குழந்தை, சாமுராய் எல்லாக் குரலும் பேசி அழுது வியர்த்துக் கொட்டுவார். தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராமனும் ராவணனுமாகப் பேசக் கேட்டவர்களுக்கு மொழி தெரியாவிட்டாலும் பிடிபடும். ஆங்கில ஒலிவழிகாட்டி வாடகைக்கு உண்டு. முழு ஆட்டம் மூன்று நான்கு மணி நேரம் போகும், ஒரு அங்கத்துக்கு மட்டும் சீட்டு தருவதும் உண்டு. அம்மாவோடு என்றால் அதுவே போதும்.

அரங்குக்குப் பக்கத்தில் குரோமொன் சந்தை. ஒருகாலத்தில் சமையற்காரர்கள் மீன் வாங்கிய இடம். இன்று பாதிக்கு மேல் சுற்றுலாப் பயணிகளுக்கான குச்சி நண்டும் சுட்ட சிப்பியும், விலையும் அதற்கேற்ற மாதிரி. நடந்து பாருங்கள், வாங்க வேண்டாம். நிஜமான சந்தை வேண்டுமென்றால் விடிகாலையில் தைகொகுசோ பக்கம் கிஸு மொத்தச் சந்தைக்குப் போங்கள். வேலை முடித்த மீன் வியாபாரிகளோடு தோளுரசி உட்கார்ந்து காலைச் சாப்பாடு. ஞாயிறு போகாதீர்கள். தோகுயாசுஜி என்ற கூரை போட்ட தெரு முழுக்க உணவகச் சாமான்: தகொயாகி என்கிற ஆக்டோபஸ் உருண்டை சுடும் குழிச்சட்டி, மெழுகில் செய்தது போலிருக்கும் சாப்பாட்டு மாதிரிகள். தகொயாகிச் சட்டியைப் பார்த்ததும் பணியாரச் சட்டி என்று நீங்கள் சொல்லுவீர்கள் என்பது தெரியும். வாங்கி வந்து பணியாரமே ஊற்றுகிறவர்கள் உண்டு.

அந்தப் பக்கத்திலேயே 1910இல் தொடங்கிய ஜியூகென். சோற்றைச் சூடாக வைக்கும் பெட்டி இல்லாத காலத்தில், சூடான மாட்டுக்கறிக் குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்தே தட்டில் வைத்து, நடுவே பச்சை முட்டை உடைத்துக் கொடுத்தார்கள், இன்றும் அப்படியே. மசாலாவுக்கும் ஒசாகாவுக்கும் உறவு பழையது. ஜப்பானில் தயாரான முதல் கறிப்பொடியை 1905இல் விற்றது இவ்வூரின் மருந்துச் சரக்கு வியாபாரி ஒருவர். கிடங்கில் மஞ்சளும் மிளகும் மருந்தாக இருந்தன, அவ்வளவுதான். கடந்த சில பத்தாண்டுகளில் இங்கே ஸ்பைஸ் கறி என்றே ஒரு வகை வளர்ந்திருக்கிறது. இலங்கைச் சோறு கறித் தட்டைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் கறிவேப்பிலை தாளித்து, பருப்பும் சம்பலும் சுற்றி வைத்து, அதற்குள் கட்சுவோ தாஷியும் ஊற்றுவார்கள். நீங்கள் இருவரும் ஒரு மதியம் கட்டாயம் முயலுங்கள். பல கடைகள் மதியம் மட்டும்தான், சரக்கு தீர்ந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். பருப்பு என்று நம்பி அம்மாவுக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

ஆறாம் நாள் தெஞ்சின்பாஷிசுஜி, 2.6 கிலோமீட்டர் நீளக் கடைத்தெரு. முழுக்கக் கூரை உண்டு, மழை நாளுக்கு இதை ஒதுக்கிவையுங்கள். வடக்கு முனையில் குடியிருப்பு அருங்காட்சியகம்: கட்டடத்தின் ஒன்பதாம் தளத்தில் 1830களின் ஒசாகாத் தெருவை வீடு, மருந்துக்கடை, குளியலறை, குரைக்கும் நாய் சத்தம் உட்பட முழு அளவில் கட்டியிருக்கிறார்கள். செவ்வாய் விடுமுறை. அங்கே தொடங்கித் தெற்கே நடந்தால் கால்வலிக்கு முன் உட்கார நூறு காபிக் கடை உண்டு. இரவு தெம்மா நிலையத்தைச் சுற்றியுள்ள நின்று குடிக்கும் கடைகள். உட்கார்ந்து குடிக்கும் கடையானால் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் தொடுகறி வரும், அதற்கு முந்நூறு நானூறு யென் பில்லில் ஏறும். அது ஏமாற்று இல்லை, இருக்கைக் காசு. டிப்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஒகொனொமியாகியை இந்த நாளில் வையுங்கள். முட்டைக்கோசைப் பொடியாக அரிந்து மாவில் கலந்து இரும்புக் கல்லில் கனமாக வார்ப்பது. ஒசாகாக்காரர்கள் மாவுப் பண்டங்களைக் கொனமோன் என்று சேர்த்துச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு கொனமோன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாப்பிட்டால் அன்று வேறெதுவும் இறங்காது. தகொயாகிக்கு வேறு நாள். சாஸ் கொட்டாமல் தரும் ஐஸுயா கடையில் ஒருமுறை சாப்பிட்டால், 1935இல் அங்கே எப்படித் தொடங்கியது என்று புரியும்.

ஏழாம் நாளுக்கு இரண்டில் ஒன்று. வெயில் இருந்தால் மினோ: ஹன்கியூ ரயிலில் உமேதாவிலிருந்து அரை மணி, ஓடையோரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடந்தால் 33 மீட்டர் அருவி, நவம்பரில் இருபுறமும் சிவந்த இலை. அந்த இலையையே உப்பில் ஊறவைத்து இனிப்பு மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள், அம்மா கொறிக்கலாம். பாதை தார் போட்டது, ஆனால் மெல்ல ஏறும். கால் ஒத்துழைக்காவிட்டால் 1970 உலகக் கண்காட்சி நடந்த பூங்காவுக்குப் போங்கள். ஒகாமோதோ தாரோவின் சூரிய கோபுரம் 70 மீட்டர் உயரத்தில் மூன்று முகத்தோடு நிற்கிறது, உள்ளே போக முன்பதிவு வேண்டும். அதன் பின்னால் தேசிய இனவியல் அருங்காட்சியகம். ஒசாகாவில் ஒரே ஒரு அருங்காட்சியகம்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதை. அருங்காட்சியகத்துக்குப் புதன் விடுமுறை.

யுனிவர்சல் ஸ்டூடியோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தைகள் இல்லாமல் அங்கே ஒரு முழு நாளை வரிசையில் கழிக்க வேண்டாம். திமிங்கலச் சுறா பார்க்க அம்மாவுக்கு ஆசையென்றால் கடல்வாழ் காட்சியகத்துக்கு அரை நாள் தரலாம். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கத் தென்னோஜியின் ஹருகாஸ் கட்டடத்தில் பதினாறாம் தளத் தோட்டம் இலவசம், அது போதும்.

முன்பதிவு என்று பார்த்தால் நான்குதான்: புன்ராகு, அம்மாவின் கொம்புச் சாற்று மதியம், சூரிய கோபுரம், ஒரு நல்ல கவுண்ட்டர் இரவு. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள்; எட்டு இருக்கைக் கடையில் மூன்று காலியானால் அன்றைய வியாபாரமே போச்சு. எந்தக் கடைக்கும் "மேசை நாற்காலி உண்டா" என்று கேட்டுக்கொள்ளுங்கள், தரையில் மடக்கி உட்காரும் அறைகள் அம்மாவுக்கு ஆகாது. கவுண்ட்டர் நாற்காலிகளும் சில கடைகளில் உயரமானவை.

கிளம்பும் நாளில் நல்ல கொம்பு ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எடையே இராது. ஒசாகாவுக்குத் தெற்கே சகாயில் அடித்த சமையல் கத்தி தோகுயாசுஜியிலேயே கிடைக்கும், உங்கள் பெயரையும் பொறித்துத் தருவார்கள். அதைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வேண்டாம்.